ஏழு தங்கத்துக்குப் பிறகு ஒரு ஸ்டாப்வாட்ச்

மேலூர்ப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகன் பத்தாம் வகுப்பு. அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில் மாவட்ட அளவில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறான். அன்றிலிருந்து டிராக் சைக்கிளிங் பைத்தியம். ஜேசன் கென்னி என்ற பிரிட்டிஷ்காரர் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிவிட்டுக் கோச் ஆகியிருக்கிறார், அப்படி ஒரு சாம்பியன் சொல்லிக்கொடுத்தால்தான் தானும் ஜெயிக்க முடியும் என்கிறானாம். போதாக்குறைக்குத் தன் சைக்கிளின் பிரேக்கையும் கழற்றிவிட்டானாம். அந்த ஆள் எப்படி மேலே வந்தார், சாம்பியனே வாத்தியாராக இருந்தால்தான் ஆகுமா, மதுரையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று மூன்று கேள்விகள்.

பிரேக் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். என்னைப் பற்றி ஒரு வரி: கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக ஓட்டினேன், பதக்கம் எதுவும் இல்லை, அப்புறம் இருபது வருடமாகப் பையன்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் சைக்கிள் விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாலு மூலையிலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒலிம்பிக் வெலோட்ரோமில், அதாவது டிராக் சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்டத் தளத்தில், ஒரு சுற்று 250 மீட்டர்தான், ஆனால் எங்கேயும் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. வளைவுகளில் தளம் 42 டிகிரி அளவுக்குச் சாய்ந்து நிற்கும். நம் ஓட்டுவீட்டுக் கூரையைவிடச் செங்குத்து. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியின்போது மரணக்கிணறு பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். வேகம் இருக்கிறவரை சுவர் தாங்கும். வேகம் செத்தால் சறுக்கிக் கீழே வரவேண்டியதுதான்.

அங்கே ஓட்டுகிற சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, பிரீவீலும் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் நம் சைக்கிளின் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று கேட்குமே, அதுதான் பிரீவீல். அது இல்லாவிட்டால் சக்கரம் சுற்றுகிறவரை பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் மாதிரி. என்ன, வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்.

இதை நான் தோலைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். திருவனந்தபுரம் காரியவட்டத்து டிராக்கில் முதல் நாள். பத்துப் பதினைந்து சுற்று ஓட்டியிருப்பேன். களைப்பில், ரோட்டில் இறக்கம் வந்தால் காலை விடுவோமே, அப்படி ஒரு கணம் விட்டேன். பெடல் விடவில்லை. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிமெண்டில் போயிற்று. எங்களைக் கூட்டிப்போன வாத்தியார் ஓடிவந்தார். முதலில் செயினைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். “கால் தூங்கக் கூடாதுடா” என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் என்னைத் தனியாக ஓரத்தில் நிறுத்தி, பெடலை அழுத்தாமல் மெல்லப் பின்பக்கமாக எதிர்த்து வேகத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பழக்கினார். மாநிலப் போட்டியில் ஒரு தடவைகூட மேடை ஏறாத மனிதர் அவர். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கென்னி. 1988-இல் போல்டன் நகரத்தில் பிறந்தவர். பக்கத்து மான்செஸ்டரில் 1994-இல் உள்ளரங்க வெலோட்ரோம் திறந்தார்கள். கிட்டத்தட்ட நீங்கள் மேலூரிலிருந்து மதுரை வருகிற தூரம்தான். சிறுவயதில் அவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் இதுதான் என்பது என் கருத்து. நம் பையன்கள் வெலோட்ரோமைக் கண்ணால் பார்க்கிற வயதில் அந்த ஊர்ப் பையன் அதில் சில ஆயிரம் சுற்று ஓட்டி முடித்திருப்பான். 2006-இல் ஜூனியர் உலகப் போட்டியில் கென்னிக்கு மூன்று தங்கம்.

2008 பெய்ஜிங்கில் வயது 20. மூன்று பேர் ஓட்டுகிற டீம் ஸ்பிரிண்டில் தங்கம். இரண்டு பேர் மட்டும் மோதுகிற தனிநபர் ஸ்பிரிண்ட் இறுதியில் தன் அணியின் மூத்தவர் கிறிஸ் ஹோயிடம் தோற்று வெள்ளி. 2012 லண்டனில் தனிநபர் ஸ்பிரிண்டுக்கு நாட்டுக்கு ஒருவர்தான் என்று விதி மாறியது. நடப்புச் சாம்பியன் ஹோயை விட்டுவிட்டுக் கென்னியை இறக்கினார்கள். உள்ளூரில் எவ்வளவு பேச்சு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறுதியில் பிரான்ஸின் கிரகோரி போஜேயை இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடித்தார். டீம் ஸ்பிரிண்டிலும் தங்கம். 2016 ரியோவில் டீம் ஸ்பிரிண்ட், ஸ்பிரிண்ட், கெய்ரின் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) மூன்றும். 2021-இல் நடந்த டோக்கியோவில் டீம் ஸ்பிரிண்டில் வெள்ளி, கெய்ரினில் தங்கம். மொத்தம் ஏழு தங்கம், இரண்டு வெள்ளி. பிரிட்டனில் வேறு யாருக்கும் இத்தனை ஒலிம்பிக் தங்கம் இல்லை.

ஆனால் இந்தப் பட்டியலைவிட எனக்குப் பிடித்த கணக்கு வேறு. ஏழு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவருக்குப் பெரியவர்கள் பிரிவில் உலகச் சாம்பியன் பட்டம் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. 2011 ஸ்பிரிண்ட், 2013 கெய்ரின், 2016 ஸ்பிரிண்ட். அதிலும் 2011 பட்டம் போஜேயிடமிருந்து பறித்துக் கொடுத்தது. ஊக்கமருந்துச் சோதனைக்கு இருக்கும் இடம் சொல்லவேண்டிய விதியை போஜே மீறியதால் அவருடைய முடிவை ரத்து செய்தார்கள். டீம் ஸ்பிரிண்டை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் அந்தத் தங்கம் பிரிட்டனுக்கு. அந்த எட்டு ஆண்டுகளில் நடந்த உலகப் போட்டிகளில் ஒன்றில்கூட அதே பந்தயத்தை அவர்கள் ஜெயிக்கவில்லை.

ஒலிம்பிக் இல்லாத வருடங்களில் கென்னி தோற்பார். சர்வசாதாரணமாகத் தோற்பார். இப்போது நம் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தாலே வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அங்கே நாலு வருடத்துக்கு ஒரு நாளைக் குறிவைத்து, அந்த நாளைக்குத்தான் உடம்பின் உச்சம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். பாரம் தூக்கும் மாதங்கள், உடம்பு வலிக்க வலிக்க ஓட்டும் மாதங்கள், கடைசியில் பயிற்சியைக் குறைத்துக் காலைப் புதிதாக்கும் வாரங்கள். நடுவில் வருகிற உலகப் போட்டிக்கு அந்தக் களைத்த காலோடுதான் போவார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் காளை வளர்க்கிறவர்களிடம் சொன்னால் ‘இதிலென்ன அதிசயம்’ என்பார்கள். நடை, நீச்சல், மண் குத்த விடுவது எல்லாமே தை மாதத்தைக் கணக்கு வைத்துத்தானே.

கென்னியின் கடைசித் தங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. கெய்ரின் ஜப்பான்காரர்கள் 1948-இல் பந்தயம் கட்டி ஆடுவதற்காகத் தொடங்கிய ஆட்டம். ஆறு பேர் வரிசையாக ஒரு சின்ன மோட்டார் வண்டியின் பின்னால் போவார்கள். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வரை வேகத்தை ஏற்றிவிட்டு, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது விலகிக்கொள்ளும். அப்புறம் அவரவர் சமர்த்து. வண்டிக்கு அடுத்து முதலாவதாக நிற்பது கெட்ட இடம் என்பார்கள். காற்றை நீங்கள் கிழிக்க, மற்ற ஐந்து பேரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்து கடைசிச் சுற்றில் தாண்டிப் போவார்கள்.

டோக்கியோ இறுதியில் கென்னிக்கு அந்த இடம்தான். வயது 33, அந்த வாரம் ஸ்பிரிண்டில் பதக்கம் இல்லாமல் வெளியேறியவர். மோட்டார் வண்டி விலகப்போகிற நேரம் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு அடுத்துப் பின்னால் இருந்த ஆஸ்திரேலியர் மற்றவர்கள் மேல் கண்வைத்து, முன்னால் இடைவெளி விட்டிருக்கிறார். கென்னி எழுந்து மிதித்துவிட்டார். முழுதாக 750 மீட்டர் தனியாக. ஸ்பிரிண்ட் ஓட்டுகிறவனுக்கு அது பாதித் தற்கொலை. கடைசி அரைச் சுற்றில் அவர் தோள் ஆடுவதைப் பாருங்கள், கால் செத்துவிட்டது தெரியும். ஆனால் பின்னால் இருந்தவர்கள் ‘நீ துரத்து, நான் துரத்து’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கதை முடிந்துவிட்டது. 0.763 வினாடி வித்தியாசம். ஒரு டயர் அகலத்தில் முடிகிற ஆட்டத்தில் இது பெரிய தூரம். இரண்டாவதாக வந்தவர் மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங். 2011-இல் மான்செஸ்டரில் விழுந்து, டிராக்கின் மரச் சிம்பு கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே நிற்க, எழுந்து பந்தயத்தை முடித்தாரே, அவர்தான்.

கென்னியின் கால் அன்று ஆறு பேரில் வேகமான கால் இல்லை. வேகமானவர் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன், அவருக்கு அன்று மூன்றாம் இடம். கென்னியிடம் இருந்தது ஒரு இடைவெளியைக் கண்ட கண். கால் 33 வயதில் போய்விடும், கண் போகாது. 2022 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்த கையோடு பிரிட்டன் ஆண்கள் ஸ்பிரிண்ட் அணிக்குக் கோச் ஆனார். அதுவரை உடன் ஓட்டிய பையன்களுக்கே வாத்தியார்.

அதன் பிறகுதான் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய பகுதி. 2024 பாரிஸ். கென்னியின் பையன்கள் டீம் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்கள், ஜாக் கார்லின் தனிநபர் ஸ்பிரிண்டில் வெண்கலம். நல்ல அறுவடைதான். ஆனால் தங்கம் வந்தது பக்கத்துப் பெண்கள் அணிக்கு, அதுவும் உலக சாதனையோடு. அந்தப் பெண்களின் கோச் கார்லி மெக்கல்லக் என்ற ஆஸ்திரேலியப் பெண். உலகச் சாம்பியன் பட்டங்கள் வாங்கியவர். ஒலிம்பிக்கில் மட்டும் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம், 2012-இல். ஏழு தங்கம் வாங்கியவரின் சீடர்களுக்கு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கியவரின் சிஷ்யைகளுக்குத் தங்கம். கென்னி மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நெதர்லாந்து ஆண்கள் அன்று 41 வினாடிக்குள் வந்து உலக சாதனை வைத்தார்கள், அதற்கு எந்தக் கோச்சிடமும் மருந்து கிடையாது. கோச்சின் பதக்கத்தை எண்ணிப் பார்த்துப் பையனின் பதக்கத்தைக் கணிக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

கோச்சின் வேலை கேட்க அலுப்பானது. டீம் ஸ்பிரிண்டில் மூன்று பேர், மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் முன்னால் போகிறவர் விலக, கடைசி ஆள் முடிப்பார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதல் ஆளின் சக்கரத்துக்கும் இரண்டாவது ஆளின் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் கூடிவிட்டால் காற்று மறைப்பு போய்விடும். அந்த ஒரு முழத்துக்காக மாதக்கணக்கில் கிளம்பிக் கிளம்பிப் பார்ப்பார்கள். பிறகு பல்சக்கரம். நம் சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்ற மாதிரி இருக்கும், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றும். இன்றைய ஸ்பிரிண்ட்காரர்கள் ஒரு மிதிக்கு நாலு சுற்றுக்கு மேல் வைக்கிறார்கள். பாரம் கூடக் கூடக் கிளம்புவது கஷ்டம், கிளம்பியபின் வேகம் அதிகம். நடுவில் மாற்ற முடியாது. பந்தயத்துக்கு முன்னால், அன்று அந்தப் பையனின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒரு பல் கூட்டவா குறைக்கவா என்று முடிவு செய்ய வேண்டும். தன் காலுக்கு எது சரி என்று கென்னிக்கு ஒரு நொடியில் தெரியும். அடுத்தவன் காலுக்கு எது சரி என்பது வேறு படிப்பு, அதைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் ஒரு முகாமுக்குத் தேசியப் பதக்கம் வாங்கிய ஒருவர் வந்தார். ஓட்டிக் காட்டினால் வாய் பிளப்போம். ‘வளைவின் உச்சியிலிருந்து எப்போது கீழே பாய வேண்டும்’ என்று கேட்டேன். “அது தானா வரும்” என்றார். அவருக்குத் தானாகத்தான் வந்திருக்கும். பத்து நாள் முகாம் அப்படியே போயிற்று. என் பழைய வாத்தியாரோ டிராக்கின் மேல் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ‘இங்கே முன்சக்கரம் வந்ததும் பாய், அடுத்த தடவை ஒரு கெஜம் தள்ளிப் பாய், எது நல்ல நேரம் என்று நோட்டில் பார்ப்போம்’ என்பார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சாம்பியன்கள் நல்ல வாத்தியார் ஆனதும் உண்டு, மறுக்கவில்லை. பிரான்ஸின் டேனியல் மோரெலான் 1968, 1972 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கியவர். பிற்பாடு அவர் கோச்சாக இருந்தபோது ஃபெலிசியா பலான்ஜே மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அதே அணியில் ஜெயித்த ஃப்ளோரியான் ரூஸோவும் பின்னால் கோச் ஆனார். 2012-இல் கென்னியிடம் தோற்ற போஜேவும் பிற்பாடு பிரெஞ்சு ஸ்பிரிண்ட் கோச் ஆனார். நம் நாதஸ்வரக் குடும்பங்கள் மாதிரி கைமாறிக் கைமாறி வருகிறது. அந்தத் தொடர்ச்சியில் ஒரு கண்ணி நமக்கு எட்டவில்லையே என்று வருத்தப்படலாம், அதற்காக உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. இந்தியாவில் தொடர்ச்சியே இல்லாத இடத்திலிருந்து பையன்கள் வந்திருக்கிறார்கள். அந்தமான் நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் 2018 ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் வெள்ளி. அடுத்த வருடம் அவரும் மணிப்பூர்ப் பையன்களும் சேர்ந்து ஜூனியர் டீம் ஸ்பிரிண்டில் உலகத் தங்கம்.

சரி, மேலூருக்கு வருவோம். தம்பி ஓட்டியது 17 வயதுக்குட்பட்டோர் பிரிவென்றால் 20 கிலோமீட்டர், கியர் இல்லாத சாதா சைக்கிள். அதில் முதல் பத்து நல்ல விஷயம். ஆனால் கென்னியின் ஆட்டம் பத்து வினாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் மூச்சுப் பிடித்து ஓட்டுகிறவன் உடம்பு வேறு, பத்து வினாடி வெடிக்கிறவன் உடம்பு வேறு. டிராக்கிலேயே 4 கிலோமீட்டர் பர்சூட், மேடிசன், ஆம்னியம் என்று மூச்சுக்காரர்களுக்குப் பந்தயங்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து தம்பி எவ்வளவு தூரம் தாண்டுகிறான், பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டரில் எங்கே வருகிறான் என்று பாருங்கள். இரண்டும் சுமார்தான் என்றால் அவன் கென்னி ஜாதி இல்லை. நாயகனை மாற்றிக்கொள்ளட்டும்.

மதுரையில் வெலோட்ரோம் கிடையாது. (சின்ன வயதில் ஊர்ப் பொட்டலில் ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றுவாரே, டியூப்லைட், ரிக்கார்டு டான்ஸ் சகிதம். நம் வட்டாரம் கண்ட டிராக் சைக்கிளிங் அதுதான்.) சென்னையை ஒட்டி மேலக்கோட்டையூரில் உடற்கல்வி பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று இருக்கிறது, திருவனந்தபுரத்தில் இருக்கிறது, டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் மரத்தளம் போட்ட 250 மீட்டர் டிராக்கும் தேசிய அகாடமியும் இருக்கின்றன. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், மாநிலத் தேர்வுப் போட்டி எப்போது, டிராக்கில் ஓட்டிப் பார்க்க முகாம் உண்டா என்று கேளுங்கள். ஒரு தடவை போனால் பதில் கிடைக்காது, மூன்று தடவை போங்கள்.

அதுவரை ரோட்டிலேயே செய்ய வேண்டியது நிறைய. சீட்டை உயர்த்துங்கள். நம் பையன்கள் எல்லோரும் முழங்கால் மடங்கித் தாழ்ந்த சீட்டில்தான் ஓட்டுகிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால், அது கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் வலது முழங்கால் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 70 வரும். லேசான மிதியில் 100, பிறகு 120 என்று இடுப்பு குதிக்காமல் ஏற்ற வேண்டும். ஆறு மாத வேலை அது. தேதி போட்டு நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். பதக்கம் தேவையில்லை, வாராவாரம் வந்தால் போதும்.

இனி பிரேக். வெலோட்ரோமில் பிரேக் இல்லாததற்குக் காரணம், முன்னால் போகிறவன் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவன் மேலே ஏறிவிடுவான். யாருக்கும் பிரேக் இல்லை என்பதால்தான் எல்லோருக்கும் பாதுகாப்பு. நாலுவழிச்சாலையில் முன்னால் போகிற லாரிக்குப் பிரேக் இருக்கிறது. அதோடு தம்பியின் சைக்கிளில் பிரீவீல் இருக்கிறது, அதாவது காலால் எதிர்த்து வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. சில பையன்கள் பிரீவீலை வெல்டிங் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். நானும் அந்த வயதில் வைத்தேன். ஒத்தக்கடை இறக்கத்தில் காலால் எதிர்த்தபோது முழுப் பிரீவீலும் மரையோடு கழன்று வந்தது. நிஜ டிராக் சைக்கிளில் அதைத் தடுக்க இடதுமரை போட்ட ஒரு வளையம் தனியாக இருக்கும், சாதா ஹப்பில் அதற்கு இடமே கிடையாது.

சனிக்கிழமைகளில் காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் ஏழெட்டுப் பையன்களோடு நிற்பேன். தம்பியை அழைத்து வாருங்கள், சீட்டு உயரத்தை நானே சரிபார்க்கிறேன். இரண்டு பிரேக்கையும் மாட்டி, கட்டைகளும் புதிதாகப் போட்டு வரச் சொல்லுங்கள். முன்பிரேக் கம்பியில் துரு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.